பாறை ஏரியில் பாஸ் மீனுக்கு எந்த ஜிக்? ஃபுட்பால் தலை எல்லாக் கல்லுக்கும் ஆகுமா?

கரையோரன்:
எல்லாருக்கும் வணக்கம். கல்லும் பாறையுமா இருக்கற ஏரி, தண்ணி தெளிவு. பாஸ்ல லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் ரெண்டு வகையும் உண்டு. படகு இல்ல, கரையில நின்னுதான் எறியறேன். கல்லுன்னா ஃபுட்பால் ஜிக் (குறுக்கே அகலமான உலோகத் தலையில தூண்டில் முள் பதிச்ச செயற்கை இரை)னு பார்க்கற இடமெல்லாம் எழுதியிருக்கு. அரை அவுன்ஸ் (14 கிராம்) ஃபுட்பால், 15 பவுண்டு இழுவை தாங்கற ஃப்ளூரோகார்பன் லைன். சரளை பக்கம் சிக்கலே இல்ல. தேங்காய் அளவு, அதுக்கும் பெரிய கல்லு கிடக்கற பக்கம் போனா பத்து எறிக்கு ரெண்டு மூணு ஜிக் காலி. எடையைக் குறைக்கணுமா, தலையை மாத்தணுமா, இல்ல இழுக்கற விதமே தப்பா?

ஆழநீர்:
மூன்றுமே கொஞ்சம் கொஞ்சம் உண்டு, ஆனால் முதல் குற்றவாளி தலையின் வடிவம். "கல் என்றால் ஃபுட்பால்" என்பது பாதி உண்மை. எவ்வளவு பெரிய கல், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் எவ்வளவு இடுக்கு என்பதை விட்டுவிட்டு அந்த வரி சுற்றிக்கொண்டிருக்கிறது.

அளவை வைத்துப் பாருங்கள். 14 கிராம் ஈயத்தில் வார்த்த ஃபுட்பால் தலை குறுக்கே ஏறக்குறைய 2 செ.மீ., தடிமன் 1 செ.மீ.க்குச் சற்று மேல். சரளையிலும் முட்டை அளவுக் கல்லிலும் இடுக்குகள் பெரும்பாலும் 2 செ.மீ.க்கும் குறைவு. அகலத் தலை அந்த இடுக்குகளின் மேல் பாலம் மாதிரி படுத்துக்கொண்டு நகரும். உள்ளே விழ இடமில்லை, அதனால் மாட்டுவதில்லை.

தேங்காய் அளவுக் கல்லுக்குப் போனால் இடுக்கு 3, 4, 5 செ.மீ. ஆகிவிடுகிறது. இப்போது அதே தலை நீளவாக்கில் உள்ளே இறங்கும். நீங்கள் இழுத்ததும் குறுக்கே திரும்பும். சட்டைப் பொத்தான் துளைக்குள் சாய்ந்து நுழைந்து, மறுபக்கம் குறுக்கே நின்று பிடித்துக்கொள்கிறதே, அதே வேலை. எவ்வளவு பலமாக இழுக்கிறீர்களோ அவ்வளவு இறுகும். முள் மாட்டியதாக நினைப்போம், உண்மையில் மாட்டியது தலை.

அந்த இடத்துக்கு உருண்டைத் தலையோ, ஆர்க்கி தலையோதான் சரி. 14 கிராம் ஈய உருண்டையின் விட்டம் சுமார் 1.3 செ.மீ.தான். இடுக்குக்குள் விழும், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே அகலம் என்பதால், போன வழியிலேயே வெளியே வரும். ஆர்க்கி தலை இதற்கும் ஃபுட்பாலுக்கும் நடுவே. அடி கொஞ்சம் தட்டை, மூக்கு கொஞ்சம் கூர். கல்லோடு நடுநடுவே மரக்கிளையும் கிடந்தால் ஆர்க்கியை எடுங்கள்.

சரளைவாசி:
ஆழநீர் சொன்னதுல தலை விஷயம் ஒத்துக்கறேன். ஆனா எடையை அப்படியே விட்டுட்டாரு. பெரிய கல்லுல 14 கிராமே அதிகம். கனமான ஜிக் ஒவ்வொரு இடுக்குக்கும் அடி வரைக்கும் போய் உட்காரும். 3/8 அவுன்ஸ் (10.6 கிராம்), தண்ணி 2 மீட்டருக்குள்ளன்னா கால் அவுன்ஸ் (7 கிராம்) போதும். லேசான தலையை ராட் (தூண்டில் கோல்) நுனியால ஒரு தட்டு தட்டினா கல்லு மேல ஏறிடும். கனமானதை இழுக்கணும், இழுத்தா சிக்கும்.

ஆழநீர்:
காற்று இல்லாத நாளில் சரி. காற்றடித்தால் லைன் வில் மாதிரி வளைந்துவிடும். 7 கிராம் ஜிக் எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியாது. கை உணராத ஜிக்தான் அதிகம் மாட்டும், ஏனென்றால் கல்லில் முட்டிய பிறகும் நாம் இழுத்துக்கொண்டே இருப்போம்.

நான் வைத்துக்கொள்ளும் கணக்கு: 3 மீட்டர் வரை 3/8 அவுன்ஸ், 3 முதல் 6 மீட்டர் வரை அரை அவுன்ஸ், அதற்குக் கீழே 10 மீட்டர் வரை முக்கால் அவுன்ஸ் (21 கிராம்). பெரிய கல் என்றால் ஒரு படி கீழே. பலமான காற்று என்றால் ஒரு படி மேலே. இரண்டும் சேர்ந்தால் எடையை மாற்றாமல், எறியும் தூரத்தைப் பாதியாக்குங்கள். லைன் நீளம் குறைந்தால் வளைவும் குறையும், உணர்வு திரும்பி வரும்.

முள்முனை:
தலையை நானே வார்ப்பதால் இரண்டு விஷயம் சேர்க்கிறேன். கடையில் படம் பார்த்து வாங்கும்போது யாரும் கவனிப்பதில்லை.

முதலாவது, லைன் கட்டும் கண் தலையில் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது. நீச்சல் ஜிக்கில் கண் மூக்கு நுனியில், முள்ளின் தண்டோடு சுமார் 30 பாகை சாய்வில் இருக்கும். புல்லுக்குள் நுழைந்து வர அது அருமை. கல்லில் அதே ஜிக்கை இழுத்தால் மூக்கு நேராக இடுக்குக்குள் ஆப்பு மாதிரி இறங்கும். ஆர்க்கியில் பெரும்பாலும் 60 பாகை. ஃபுட்பாலிலும் பல உருண்டைத் தலைகளிலும் கண் 60 முதல் 90 வரை, தலையின் முதுகில் நிமிர்ந்து நிற்கும். 90க்குக் கிட்ட இருந்தால் ராட்டைத் தூக்கும்போது தலை மேலே எழும்பும். முன்னோக்கிக் குத்தாது. கரையிலிருந்து எறிபவருக்கு இது இன்னும் முக்கியம், காரணம் லைன் படகிலிருந்து வருவதைவிடத் தாழ்வான கோணத்தில் வரும்.

ஃபுட்பால் கல்லில் ஏன் வேலை செய்கிறது என்பதும் இதே கண்ணில்தான் இருக்கிறது. இழுக்கும்போது அகலத் தலை பக்கவாட்டில் உருள முடியாது. கல்லில் முட்டி நிற்கும், லைன் முதுகைப் பிடித்து இழுக்கும், தலை முன்பக்கம் குப்புறச் சாயும், முள்ளும் டிரெய்லரும் (முள்ளில் கோக்கும் பிளாஸ்டிக் துணை இரை) வாலைத் தூக்கும். இழுப்பை விட்டால் வால் மெல்ல இறங்கும். நன்னீர்ச் சிங்கி இறால் (கிரேஃபிஷ்) எதிரியைக் கண்டதும் இரண்டு கொடுக்கையும் மேலே தூக்கிக்கொண்டு பின்வாங்குமே, அதன் அச்சு. இந்த அசைவு வேண்டுமென்றால் தலை முட்ட ஏதாவது இருக்க வேண்டும். சேற்றில் ஃபுட்பால் இழுப்பதில் எந்தப் பயனும் இல்லை.

இரண்டாவது, முள்ளுக்கு முன்னால் நின்று, அது புல்லில் மாட்டாமல் தடுக்கும் இழைக்கற்றையான வீட்கார்டு பிரஷ். கல்லில் மாட்டுவது தலை என்று ஆழநீர் சொன்னார். அதனால் பிரஷ் எவ்வளவு தடியாக இருந்தாலும் கல்லில் ஜிக்கைக் காப்பாற்றாது. மீன் வாயில் முள் ஏறுவதைத்தான் தடுக்கும். கடையிலிருந்து வரும் பிரஷ்ஷில் மூன்றில் ஒரு பங்கு இழைகளை அடியோடு வெட்டிவிடுங்கள், ஒட்டியிருக்கும் தலையை ஒட்டியே. மிச்சத்தை விசிறி மாதிரி இரண்டு பக்கமும் விரித்துவிட்டு, நுனி முள்முனைக்கு மேலே 3, 4 மி.மீ. மட்டும் நிற்கும்படி நறுக்குங்கள். முனைக்குக் கீழே நறுக்கினால் பிரஷ் இருந்தும் இல்லாததற்குச் சமம். விரலால் அமுக்கிப் பாருங்கள். லேசாக அமுக்கியதும் முனை விரலில் படவேண்டும். பலங்கொண்டு அமுக்க வேண்டியிருந்தால் இன்னும் நாலைந்து இழைகளை எடுங்கள்.

கரையோரன்:
அருமையா புரிஞ்சுது, நன்றி. பொத்தான் உதாரணம் மண்டையில ஏறிடுச்சு. அப்போ டங்ஸ்டன் தலை வாங்கினா பிரச்னை குறையுமா? சின்னதா இருக்கும், உணர்வும் நல்லா இருக்கும்ங்கறாங்களே.

முள்முனை:
உணர்வு நிச்சயம் கூடும். ஈயம் மென்மை. கல்லில் பட்டால் அடி உள்வாங்கிக்கொள்ளும். டங்ஸ்டன் கடினம், "டிக்" என்று லைனில் ஏறி வரும். சரளை முடிந்து பாறை தொடங்கும் இடம் கைக்கே தெரிந்துவிடும். மீன் நிற்பது பெரும்பாலும் அந்த மாறும் கோட்டில்தான் என்பதால் அந்த ஒரு தகவலே பெரிய லாபம்.

அளவு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 11.3 கிராம். சுத்த டங்ஸ்டன் 19.3, தூண்டிலுக்கு வரும் கலவை அதைவிடக் கொஞ்சம் குறைவு. 14 கிராம் உருண்டை 1.3 செ.மீ.யிலிருந்து 1.15 செ.மீ. பக்கம் இறங்கும், அவ்வளவுதான். ஈயம் பாலம் போட்டுக் கடந்த இடுக்கில் டங்ஸ்டன் உள்ளே விழுந்துவிடும் இடங்களும் உண்டு. சரளையில் ஃபுட்பால் இழுக்கும்போது கொஞ்சம் பெரிய தலை இருப்பதே நல்லது. டங்ஸ்டனை ஆழத்துக்கும் காற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி தொலையும் இடத்தில் போட வேண்டாம்.

இன்னொன்று. சில இடங்களில் ஈயம் போடவே கூடாது. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக் குண்டும் ஈய ஜிக்கும் தடை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1 அவுன்ஸும் அதற்குக் குறைந்ததுமான ஈய ஜிக்குகளுக்குத் தடை. லூன் என்ற நீர்ப்பறவை இவற்றை விழுங்கி ஈய நஞ்சால் சாகிறது என்பதுதான் காரணம். நாம் தொலைக்கும் ஒவ்வொரு ஜிக்கும் அந்த ஏரியில்தான் கிடக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் இது நினைவில் இருக்க வேண்டும்.

நீர்க்கோல்:
ஸ்மால்மவுத் இருக்குன்னு சொன்னீங்க, தண்ணி தெளிவுன்னும் சொன்னீங்க. யாரும் ஃபினெஸ் ஜிக் (சின்ன, லேசான ஜிக்) பத்திப் பேசலயே?

உருண்டைத் தலை, 3/16ல இருந்து 3/8 அவுன்ஸ் வரைக்கும் (5 முதல் 10 கிராம்), 2/0 இல்ல 3/0 அளவுல மெல்லிய கம்பி முள். ஸ்கர்ட் (தலையைச் சுத்தித் தொங்கற இழைகள்) முள்ளோட வளைவைத் தாண்டிக் கொஞ்சம்தான் நீளும். தலைகிட்ட இருக்கற இழைகளைக் குட்டையா வெட்டி, குடை மாதிரி விரிஞ்சு நிக்கும். தண்ணி 10 டிகிரிக்குக் கீழ போனா கிரேஃபிஷ் கல்லுக்கடியில ஒடுங்கிடும், அதிகம் நடமாடாது. அப்போ பெரிய ஜிக், படபடன்னு அடிக்கற டிரெய்லர் எல்லாம் மீனுக்கு அந்நியமாத் தெரியும். சின்ன ஜிக்கை ஒரு சாண் இழுத்து, பத்து எண்ணற வரைக்கும் சும்மா விடுங்க. ஸ்கர்ட் தானா விரிஞ்சு சுருங்கும், அதுவே போதும்.

மெல்லிய கம்பி முள்ளுக்கு இன்னொரு நன்மை. முள்ளே மாட்டின நேரத்துல 12 பவுண்டு லைன்ல நிதானமா இழுத்தா பல தடவை முள் விரிஞ்சு ஜிக் திரும்பி வந்துடும். குறடால பழைய வடிவத்துக்கு வளைச்சுக்கலாம். ஆனா ரெண்டு தடவைக்கு மேல வளைச்ச முள்ளை நம்பாதீங்க.

டிரெய்லர் பத்தி சுருக்கமா. குளிர்ந்த தண்ணிக்கு அசையாத தட்டை சங்க் (துண்டு வடிவம்). 15 டிகிரிக்கு மேல கொடுக்கு அடிக்கற கிரா (கிரேஃபிஷ் வடிவம்). ஃபுட்பாலுக்கு ரெட்டைவால் கிரப் (புழு வடிவம்), தலை சாயும்போது ரெண்டு வாலும் நிமிர்ந்து நிக்கும். அகலமான டிரெய்லர் தண்ணியில பாராசூட் மாதிரி பிடிச்சு ஜிக் விழற வேகத்தைக் குறைக்கும். எடை மாத்தறதுக்கு முன்னாடி டிரெய்லரை மாத்திப் பாருங்க.

சரளைவாசி:
நிறம்?

நீர்க்கோல்:
தெளிவான தண்ணிக்கு பச்சைப் பூசணி (கிரீன் பம்ப்கின்), பழுப்பு, பழுப்போட கொஞ்சம் ஊதா. கலங்கினா கருப்பு-நீலம். ஓரத்துல நாலு கல்லைப் புரட்டிப் பார்த்தா அந்த ஏரியில கிரேஃபிஷ் என்ன நிறம்னு தெரிஞ்சுடும். நிறத்துக்கு இதுக்கு மேல மண்டையை உடைக்க வேண்டாம். தலையும் எடையும் தப்பா இருந்தா எந்த நிறமும் காப்பாத்தாது.

சரளைவாசி:
ஆடும் தலையையும் எழுதிடறேன். இதை அமெரிக்கப் போட்டி மீன்பிடிப்பாளர் டாமி பிஃபிள் பரவலாக்கினாரு. தலை தனி, முள் தனி, நடுவுல ஒரு வளையம். பிளாஸ்டிக் இரையில முள்முனையைப் புதைச்சு மாட்டலாம், அதனால பிரஷ்ஷே வேண்டாம். இதோட இழுக்கற விதமே வேற. அடியோட ஒட்டி, நிறுத்தாம ரீலைச் சுத்திக்கிட்டே வரணும். தலை கல்லுல மோதி மோதி வரும்போது பின்னால இரை தன் போக்குல ஆடும். கோடையில, தண்ணி சூடா இருந்து மீன் பரவலா நிக்கும்போது நிறைய தூரத்தைச் சீக்கிரம் தேடலாம். சரளையிலயும் உருட்டுக்கல்லுலயும் மட்டும். பெரிய பாறைக்கு நடுவுல வேகமாச் சுத்தினா அந்தத் தலையும் ஆப்பு மாதிரிதான் மாட்டும்.

கரையோரன்:
இழுக்கற விதம் பத்தி யாராவது கொஞ்சம் விளக்குங்க. நான் ராட்டை மேல தூக்கி, இறக்கி, ரீல் சுத்தறேன். கரையில இருந்து எறியறதால ஆழத்துல இருந்து மேட்டுக்கு இழுக்க வேண்டியிருக்கு.

ஆழநீர்:
கரையிலிருந்து இழுப்பவருக்குப் படகுக்காரரைவிடச் சிக்கல் அதிகம். படகு ஆழத்தில் நின்று மேட்டை நோக்கி எறிகிறது. ஜிக் கல்லின் மேலிருந்து அடுத்த கல்லுக்கு இறங்கிக்கொண்டே வரும். உங்களுக்கு எதிர்மாறு. ஒவ்வொரு கல்லின் செங்குத்து முகத்திலும் ஜிக் போய் முட்டுகிறது. இதற்கு மருந்து எறியும் கோணம். நேராக ஏரி நடுவே எறியாதீர்கள். கரைக்கு 30, 40 பாகை சாய்வாக எறியுங்கள். அதே கல்வரிசையில் நீண்ட நேரம் ஜிக் இருக்கும், மேட்டேற்றமும் குறையும். மண் அரிக்காமல் அணைக்கரையில் கொட்டியிருக்கும் உடைகல்லில் இன்னும் சாய்வாக, கிட்டத்தட்ட கரைக்கு இணையாக எறிய வேண்டும். அந்த உடைகல்லில் இடுக்குதான் அதிகம், கல் குறைவு என்றே சொல்லலாம். அங்கே ஃபுட்பாலை நினைக்கவே வேண்டாம். 7 முதல் 10 கிராம் உருண்டைத் தலை.

இனி இழுப்பு. சரளையில் ராட்டைப் பக்கவாட்டில், தண்ணீருக்கு இணையாக வைத்து 30, 40 செ.மீ. மெல்ல நகர்த்துங்கள். ஜிக் அடியை விட்டு எழும்பாது. பிறகு ராட்டை முன்னுக்குக் கொண்டுவந்து தொய்வை மட்டும் ரீலில் சுற்றுங்கள். ஜிக்கை நகர்த்துவது ராட், ரீல் அல்ல. 3 முதல் 5 வினாடி நிறுத்தம்.

பெரிய கல்லில் பக்கவாட்டு இழுப்பு ஆபத்து. அங்கே ராட் நுனி மேலே, மணிமுள் 10 காட்டும் நிலையில். ஜிக் கல்லில் முட்டியது தெரிந்ததும் இழுப்பை நிறுத்துங்கள். லைனைக் கொஞ்சம் தளர்த்தி, ராட் நுனியை ஒரு விரற்கடை அளவுக்குத் துள்ளவிடுங்கள். இரண்டு, மூன்று துள்ளலில் தலை கல்லின் விளிம்பில் ஏறி மறுபக்கம் விழும். மீன் கவ்வுவது பெரும்பாலும் அந்த விழும் நொடியில்தான். அதனால் ராட்டை உடனே இறக்கி, முழுத் தொய்வும் இல்லாமல் முழு விறைப்பும் இல்லாமல் லைனைக் கூடவே போகவிடுங்கள்.

நீர்க்கோல்:
கவ்வறது எப்படித் தெரியும்ங்கறதையும் சேர்த்துச் சொல்லணும். கல்லு "டக்"னு கெட்டியா இருக்கும். மீன் ஒரே ஒரு "தப்", இல்லன்னா ஒண்ணுமே தெரியாம ஜிக்கோட கனம் காணாமப் போகும். சில நேரம் ஈரத் துணியை இழுக்கற மாதிரி கொழகொழன்னு இருக்கும். லைன் பக்கவாட்டுல நகர்ந்தா யோசிக்கவே வேண்டாம். தொய்வை ரீல்ல எடுத்து, ராட்டை வீசி இழுங்க. ரீல் 7:1 (கைப்பிடி ஒரு சுத்துக்கு உருளை ஏழு சுத்து) இல்ல அதுக்கு மேல வேகம் இருந்தா இந்த இடத்துலதான் கைகொடுக்கும். மெல்லிய கம்பி ஃபினெஸ் முள்ளுக்கு மட்டும் வீச்சு வேண்டாம், அழுத்தி இழுத்தாலே ஏறிடும்.

கரையோரன்:
மாட்டிக்கிட்டா எடுக்கற வழி?

முள்முனை:
முதல் வேலை: இழுக்காதீர்கள். இறுகிவிட்ட பிறகு எந்த வித்தையும் பலிக்காது. லைனைத் தளர்த்தி ராட் நுனியை உதறுங்கள். ஜிக்கின் எடையே அதைப் பின்னால் தள்ளும். வரவில்லை என்றால் ராட்டை மாட்டிய இடம் நோக்கி நீட்டி, லைனை விறைப்பாக்கி, ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவில் லைனை வில் நாண் மாதிரி விரலால் இழுத்துச் சட்டென்று விடுங்கள். அந்த அதிர்ச்சியில் தலை பின்னால் குதிக்கும். ஐந்தாறு முறை. அதற்கும் அசையவில்லை என்றால் கரையோரமாக எவ்வளவு தூரம் நடக்க முடியுமோ அவ்வளவு நடந்துபோய், ஜிக் இடுக்குக்குள் போன திசைக்கு எதிர்த் திசையிலிருந்து இதையே செய்யுங்கள். உருண்டைத் தலை பெரும்பாலும் இதில் வந்துவிடும். குறுக்கே நின்ற ஃபுட்பால் பாதிக்குப் பாதிதான்.

கடைசியில் அறுக்கத்தான் வேண்டும் என்றால் ராட்டை வளைக்காதீர்கள், லைனை வெறுங்கையில் சுற்றவும் கூடாது. ஒரு மரத்துண்டில் சுற்றி நேராக இழுங்கள்.

மீண்டு வந்த ஜிக்கை அப்படியே திரும்ப எறிவதுதான் பலரும் செய்யும் தவறு. கடைசி ஒரு மீட்டர் லைனை இரு விரலுக்கு நடுவே உருவிப் பாருங்கள். நகம் தட்டும்படி சொரசொரப்பு இருந்தால் அதுவரை வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். பாலோமர் முடிச்சு போதும். எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனைத்த பிறகே இறுக்க வேண்டும். ஃப்ளூரோகார்பன் உலர்ந்த உராய்வில் சூடேறி அந்த இடத்திலேயே பலம் இழந்துவிடும். பிறகு முள்முனை. கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்வாக வைத்து லேசாக இழுங்கள். பற்றி நின்றால் கூர்மை இருக்கிறது, வழுக்கிக்கொண்டு போனால் மழுங்கிவிட்டது. மழுங்கினால் சிறிய அரத்தால் அடியிலிருந்து முனை நோக்கி, ஒரே திசையில், மூன்று பக்கமும் நாலைந்து தடவை தேயுங்கள்.

கரையோரன்:
கடைசியா ஒண்ணு. ஃப்ளூரோவுக்குப் பதிலா பிரெய்டு (பின்னல் லைன்) போட்டா அறுக்காம இழுத்து எடுத்துடலாமே? 30 பவுண்டு, 40 பவுண்டு கூட இருக்கே.

ஆழநீர்:
அந்த 40 பவுண்டு நேராக இழுக்கும்போதுதான். விறைப்பாக இருக்கும் பிரெய்டு கூரான கல் விளிம்பில் உரசினால் இழை இழையாக அறுந்துவிடும், 15 பவுண்டு ஃப்ளூரோ அந்த உரசலை அதைவிட நன்றாகத் தாங்கும். பிரெய்டு மிதக்கவும் செய்யும், ஜிக்குக்கும் ராட்டுக்கும் நடுவே வில் விழும். ஃபினெஸ் ஜிக்கை ஸ்பின்னிங் ரீலில் போடுவதாக இருந்தால் மட்டும் 10 முதல் 15 பவுண்டு பிரெய்டோடு 3 மீட்டர் ஃப்ளூரோ லீடர் (ஜிக் கட்டும் நுனித் துண்டு), 8 அல்லது 10 பவுண்டு, எஃப்ஜி முடிச்சில் சேர்த்துக்கொள்ளலாம். கல்லில் உரசுவது அந்த 3 மீட்டர்தான். வெட்டி வெட்டிக் கட்டி அது ஒன்றரை மீட்டராகச் சுருங்கியதும் புது லீடர் போட்டுவிடுங்கள்.

கரையோரன்:
சரிங்க. அந்தப் பெரிய கல்லு பக்கத்துக்கு 3/8 உருண்டைத் தலை, 90 பாகைக் கண், பிரஷ்ஷைக் குறைச்சு, சாய்வா எறியறேன். ஃபுட்பாலைச் சரளைக்கு மட்டும் வைச்சுக்கறேன்.

சரளைவாசி:
சரளையும் பெரிய கல்லும் சேர்ற கோட்டுல ரெண்டையும் எறிஞ்சு பாருங்க. சரளை பக்கம் இருந்து ஃபுட்பால், கல்லு பக்கம் இருந்து உருண்டை. எது எந்த இடத்துல முட்டுதுன்னு கரையில ஒரு அடையாளம் வைச்சு எழுதிக்கிட்டா, அடுத்த தடவை தலை மாத்த வேண்டிய இடம் எறியறதுக்கு முன்னாடியே தெரியும்.